764 பேரின் கோட்டை



நினைவுநாள் உரையில் ஏன் ஒரு வெளிநாட்டுக் கோட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். அதன் கணக்கில் நம் முன்னோரின் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வட வேல்ஸில் பேங்கர் நகரையொட்டி நிற்கிறது பென்ரின் கோட்டை. தடித்த கோபுரங்களைப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுப் பழமை தெரியும். ஆனால் இன்றுள்ள கட்டடம் 1820களில் தொடங்கி, தாமஸ் ஹாப்பர் என்பவர் நார்மன் பாணியில் எழுப்பியது. பழமையைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். 'ஆண்ட பரம்பரை' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. முதல் பென்ரின் பிரபு ரிச்சர்ட் பென்னன்ட் அத்தோட்டங்களைக் கடிதம் மூலமே நடத்தினார். லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, அடிமை வணிக ஒழிப்பை எதிர்த்தார். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கோட்டையைக் கட்டிய வாரிசு ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் பென்னன்டுக்கு, 764 மனிதர்களுக்கு ஈடாக 14,683 பவுண்டு கிடைத்தது. அந்த 764 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. சட்டத்தின் கண்ணில் நட்டப்பட்டவர் எசமான்!

அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கி வைத்தது. தஞ்சை வயல்களில் அடிமைப்பட்டுக் கிடந்த நம் முன்னோர் அந்த விலக்குக்குள் இருந்தார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. நிலம் தரவில்லை. சேரி சேரியாகவே இருந்தது.

பென்ரின் குடும்பத்தின் இன்னொரு வருமானம் பெத்தெஸ்டாவின் ஸ்லேட் கல் குவாரி. 1900 நவம்பரில் சுமார் 2,800 தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலையை விட்டு வெளியேறினார்கள். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். இந்த வீட்டில் துரோகி இல்லை என்று எழுதிச் சன்னலில் வைத்தார்கள். இறுதியில் தோற்றார்கள். ஆனால் அவர்கள் வாரிசுகள் அதே ஊரில் இருந்தார்கள், கதையைச் சொன்னார்கள். ஜமைக்காவின் 764 பேரோ கடலுக்கு அப்பால். அடிமைப் பதிவேடுகளில் பெயர் உண்டு, உடைமையாக.

1951இல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் வசமானது. இன்று சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மாணவர்களே, நம் ஊர் ஜமீன் மாளிகைகளையும் இப்படிப் பாருங்கள். பண்ணைக் கணக்குகளைத் தேடிப் படியுங்கள். அவற்றில் இல்லாததை நம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதுங்கள். எசமானின் வரலாற்றை எழுத ஆள் இருக்கிறது. நம் வேலை மற்றது.

ஜெய் பீம்.