யாரைக் கேட்டு எழுதுனீங்க?



பெண்களுக்கான திட்டங்களும் அதுக்கு முன்னாடி நடக்கிற சாத்தியக்கூறு ஆய்வும். இதுதான் எனக்குக் குடுத்த தலைப்பு. ஒரு திட்டம் ஒரு ஊருல நடக்குமா, நிலைக்குமான்னு முன்கூட்டியே விசாரிக்கிறாங்க. விசாரிக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா யாரை விசாரிக்கிறீங்க? எந்நேரத்துல விசாரிக்கிறீங்க?

நம்ம ஒட்டன்சத்திரத்துல இருந்து பரப்பலாறு அணையைத் தாண்டி பாச்சலூர்ப் பக்கம் ஒரு மலையூரு. பேரு வேண்டாம். தையல் பயிற்சி குடுக்கலாமான்னு பார்க்க ஒரு ஆய்வுக்குழு வந்துச்சு. வந்தது காலையில பதினோரு மணிக்கு! அந்நேரம் பொம்பளைங்க அத்தனை பேரும் காப்பித் தோட்டத்துல. திண்ணையில இருந்த ஆம்பளைங்களைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. தையல் மிஷினும் வந்து இறங்கிருச்சு. தொடக்க விழாவுல ஒரு அம்மா எந்திரிச்சாங்க. கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கேட்டாங்க பாருங்க: "யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

தட்டுங்க! நல்லாத் தட்டுங்க! இது அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய கைதட்டு.

அதோட விடலை. கோலமாவை எடுத்துத் தரையில ஊரையே வரைஞ்சாங்க. இது ஊத்து, இது ரேஷன் கடை, இது பஸ் நிக்கிற இடம். விடியுமுன்னே தண்ணிக்கு நடை, அப்புறம் தோட்டம், இருட்டுனா அடுப்படி. "இதுல எப்ப மிஷினை மிதிக்கிறது? தைச்ச ஜாக்கெட்டை இந்த மலையில யாரு வாங்குறது?" மேடையில இருந்தவங்க வாயே திறக்கலை. ஐயா, அந்தத் தரையில கிடந்ததுதான் ஆய்வு!

முன்னாடியே பார்த்துச் செய்யிறது, சனத்தைக் கேட்டுச் செய்யிறது, நம்ம தமிழ்நாட்டுக்குத் தெரியாத சங்கதியா? 1983-ல தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்துச்சு. 1989-ல பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில தர்மபுரியில சுய உதவிக் குழுக்களை ஆரம்பிச்சாங்க. அவசரக் கோலம் அள்ளித் தெளிச்ச மாதிரி மாநிலம் முழுக்க ஒரே நாள்ல இல்லை. முதல்ல ஒரு மாவட்டம். அப்புறம் சேலம், மதுரைன்னு சில மாவட்டம். 1997-98-லதான் மகளிர் திட்டம். 2005-ல வந்த புதுவாழ்வுத் திட்டத்துல 'மக்கள் நிலை ஆய்வு'ன்னு ஊர்ச்சனமே கூடி உக்காந்து, யாரு ஏழைன்னு அவங்களே சொன்னாங்க. வழி தெரிஞ்சவங்கதான் நாம!

பொம்பளைங்களைக் கேட்டுச் செய்யுங்கன்னு சொன்னா சில பேருக்கு எரியுது. அரசு பஸ்ல பொம்பளைங்களைக் காசில்லாம ஏத்துனா ஊர் சுத்துவாங்கன்னும் பேசுறாங்க. வாங்க, நம்ம ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வந்து பாருங்க! கேரளாவுக்குப் போற தக்காளியில பழுத்ததைத் தனியா, செங்காயைத் தனியாப் பிரிச்சுப் பெட்டியில அடுக்குற கை யாரு கை? அந்த பஸ்ல வந்து இறங்குற பொம்பளை கை! குனிஞ்ச முதுகு நிமிராம வேலை பார்க்கிறவளையா ஊர் சுத்துறான்னு சொல்றீங்க? நாக்கு கூசலையா?

அந்த பஸ்ஸையும் நான் கேள்வி கேப்பேன். 2021-ல தொடங்குனது, கொடைக்கானல் மலைக்கு 2024 பட்ஜெட்டுலதானே அறிவிப்பா வந்துச்சு? மலையில இருக்கிறவ பொம்பளை இல்லையா? முன்னாடியே கோலமாவுல ஊரை வரைஞ்ச அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பாங்களே!

இந்தக் கூட்டத்துக்கு அதிகாரிகளும் வந்திருக்கீங்க, நேராவே கேக்குறேன். ஆய்வை ராத்திரி அடுப்படி வேலை முடிஞ்சப்புறம் வைங்க. ஆம்பளைங்களைத் தனியா, பொம்பளைங்களைத் தனியா உக்கார வைங்க. கேள்வி கேக்க ஒரு பெண்ணை அனுப்புங்க. பகல்லதான் முடியும்னா, வந்து உக்கார்ற ஒவ்வொரு தாய்க்கும் அன்னிக்குக் கூலியை ஆய்வுச் செலவுலயே எழுதுங்க. உங்களுக்கு அன்னிக்குச் சம்பளம் உண்டுல்ல? அவங்களுக்கும் குடுங்க!