திரை ஸ்தம்பித்தால்

1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் தேதியன்று, அமெரிக்க தேசத்துச் சிகாகோ நகரில் நடந்த காம்டெக்ஸ் என்னும் கணினிக் கண்காட்சியில், இரண்டு மாதம் கழித்து விற்பனைக்கு வரவிருந்த விண்டோஸ் 98 இயங்குதளத்தின் பெருமையைச் சபையோருக்கு எடுத்துக் காட்டுவதற்காக, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவர் பில் கேட்ஸும், அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் கபோசெலா என்னும் இளைஞரும் மேடையேறினார்கள். எந்தக் கருவியைச் செருகினாலும் இந்தப் புதிய இயங்குதளம் தானே அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்று சொல்லிக்கொண்டே, ஸ்கேனர் ஒன்றின் கம்பியை அந்த இளைஞர் கணினியில் செருகினார். செருகிய மாத்திரத்தில் கணினி செயலற்று, பெரிய திரை முழுவதும் நீலமாகி, பிழைச் செய்தி ஒன்றைத் தாங்கி நின்றது. சபை ஆரவாரித்துச் சிரித்தது. இதனால்தான் இதை நாங்கள் இன்னும் கடைக்கு அனுப்பவில்லை என்ற பொருள்படக் கேட்ஸ் சொன்ன சமயோசிதமான பதிலை, அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் நினைவுகூர்கிறார்கள்.

முற்றுப்பெறாத இயங்குதளத்தைச் சபை நடுவே இயக்கிக் காட்டும் அபாயம் அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்பொழுது அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய மாக் ஓஎஸ் பத்தாம் பதிப்பைச் சோதனை நிலையிலேயே பொதுமக்களுக்குக் கொடுத்தது, அதற்கு 29.95 டாலர் விலையும் வாங்கிக்கொண்டது. குறைகளைக் கண்டுபிடித்துத் தரும் உழைப்பையும் கொடுத்து, அதற்குக் காசும் கொடுக்க ஜனங்கள் முன்வந்தார்கள் என்பதை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது. 2014இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இன்சைடர் என்ற திட்டத்தைத் தொடங்கியபின், விருப்பமுள்ள எவரும் கட்டணமின்றி முன்னோட்டப் பதிப்பைத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. புதுமையில் ஆசையுள்ள ஆசிரியரும், மாணவரும், அலுவலக அதிகாரியும் அவ்வாறே இறக்கிக்கொண்டு, மறுநாள் காலையில் அதே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பிரசங்கத்துக்குப் புறப்படுகிறார்கள். அங்கே பவர்பாயிண்ட் பாதியில் ஸ்தம்பித்து நிற்கிறது. மவுஸை அசைத்தால் பலனில்லை. விசைகளைத் தட்டினாலும் பலனில்லை. எதிரே சபை உட்கார்ந்திருக்கிறது.

இந்த நிலைமையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்தம்பித்த மென்பொருள் செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம்; பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது சாகவில்லை, வேறொன்றின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. தாலுகா கச்சேரியில் ஒரே ஒரு குமாஸ்தா மனுக்களை வரிசையாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவுக்கு வேண்டிய பழைய கட்டை எடுத்துவரச் சேவகனை அனுப்பிவிட்டு, அவன் வரும்வரையில் அடுத்த மனுவைத் தொடுவதில்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டால், ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். கணினியிலும் நாம் தட்டும் ஒவ்வொரு விசையும், அசைக்கும் ஒவ்வொரு அசைவும் ஒரு மனுவாகத்தான் போய் வரிசையில் நிற்கிறது. ஐந்து விநாடி நேரம் ஒரு மென்பொருள் தன் வரிசையைக் கவனிக்காமல் இருந்தால், விண்டோஸ் அதன் ஜன்னலை வெளிறச் செய்து, பதில் அளிக்கவில்லை என்ற வாசகத்தை அதன் தலைப்பில் எழுதிவிடுகிறது. இது மரண அறிவிப்பு அன்று. ஆகையால், ஏன் நின்றது என்று கேட்பதைக் காட்டிலும், யாருடைய பதிலுக்காக நிற்கிறது என்று கேட்பதே காரியத்துக்கு உதவும். டாஸ்க் மேனேஜரில், விவரங்கள் அடங்கிய பக்கத்திற்குச் சென்று, அந்த மென்பொருளின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தினால், அது எதற்காகக் காத்திருக்கிறது என்ற சங்கிலியை ஆராயும் வசதி ஒன்று இருக்கிறது; அதை அறிந்தவர் சிலரே.

எந்தக் கட்டத்தில் ஸ்தம்பிக்கிறது என்பதும் ஒரு முக்கியமான தடயம். கோப்பைத் திருத்தும்போதெல்லாம் ஒழுங்காக இருந்து, எஃப் 5 விசையை அழுத்திக் காட்சியைத் தொடங்கியவுடன் நின்றுவிட்டால், சந்தேகம் முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரின்மேல்தான் விழவேண்டும். காட்சி தொடங்கும் அந்தக் கணத்தில், சபைக்குரிய படத்தைப் புரொஜெக்டருக்கும், பேசுவோருக்குரிய குறிப்புகளை மடிக்கணினியின் திரைக்கும், வெவ்வேறு அளவுகளில், ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஸ்லைடுகள் மாறும்போது வரும் மிதப்பும் சுழற்சியும் கிராஃபிக்ஸ் சிப்பின் தயவால் நடப்பவை. அந்தச் சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று பேசும் டிரைவர், பழைய இயங்குதளத்தை உத்தேசித்து எழுதப்பட்டது. முன்னோட்டப் பதிப்பிலோ அந்த இயங்குதளத்தின் உட்புறம் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கிறது. இதில் பவர்பாயிண்டின் குற்றம் மிகக் குறைவு. மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில், கிராஃபிக்ஸ் வன்பொருளின் துணையை நிறுத்திவிடும் கட்டம் ஒன்று பல பதிப்புகளில் உண்டு. அதைக் குறியிட்டுவிட்டு மறுபடி காட்சியைத் தொடங்கிப் பார்க்கலாம். பேசுவோருக்குரிய தனித் திரையை நிறுத்திவிட்டு, இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்படி அமைத்துப் பார்க்கலாம். இவ்விரண்டில் ஒன்றால் நோய் தீர்ந்தால், டிரைவரைப் புதுப்பிக்கவேண்டும், அல்லது புதிதாக வந்ததை நீக்கிப் பழையதற்குத் திரும்பவேண்டும்.

கோப்பைத் திறக்கும்போதே நின்றுவிட்டால் கதை வேறு. அங்கே எவரும் எதிர்பாராத ஆசாமி ஒருவர் இருக்கிறார், அவர் பிரிண்டர். காகிதமே வேண்டாத பிரசங்கத்துக்குப் பிரிண்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் குறிப்புப் பக்கங்களையும் சபையோருக்குக் கொடுக்கும் பிரதிகளையும் அச்சிடுவதற்குத் தோதாக, இந்த மென்பொருள் நாம் இயல்பாகத் தேர்ந்து வைத்திருக்கும் பிரிண்டரின் டிரைவரோடு கலந்து பேசுகிறது. அந்தப் பிரிண்டர் அலுவலகத்து நெட்வொர்க்கில் எங்கோ இருக்க, நாமோ வெளியூர் மண்டபத்தில் இருந்தால், வராத பதிலுக்காகக் கணினி நெடுநேரம் நிற்பதுண்டு. இயல்பான பிரிண்டராக, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்று கணினியிலேயே இருக்கும் கற்பிதப் பிரிண்டரைத் தேர்ந்துவிட்டால், அந்தக் காத்திருப்பு நீங்கும். இவ்வளவு எளிய பரிகாரத்தை யாரும் முதலில் நினைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆட்-இன் என்று சொல்லப்படும் துணைநிரல்களும் திறக்கும் சமயத்தில் கெடுதல் செய்பவையே. கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர்பாயிண்டைத் திறந்தால், துணைநிரல்கள் எதுவுமில்லாத சேஃப் மோடில் அது திறக்கும். அப்படித் திறந்தபின் நன்றாக இயங்கினால், துணைநிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட கோப்பில் மட்டும் தொல்லை என்றால், வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, பழையதன் ஸ்லைடுகளைப் பாதி பாதியாக அதில் கொண்டுவந்து பார்க்கவேண்டும். உள்ளே பொதிந்த வீடியோவோ, எங்கோ இருக்கும் கோப்போடு இணைக்கப்பட்ட அட்டவணையோ பெரும்பாலும் அகப்படும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். டிரைவரையும் மாற்றி, துணைநிரலையும் நீக்கி, பிரிண்டரையும் மாற்றிவிட்டால், நோய் தீர்ந்தாலும் மருந்து எதுவென்று தெரியாது. அடுத்த வாரம் புதிய பதிப்பு வந்து அது திரும்பும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். எடுத்த எடுப்பில் மென்பொருள் முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவோரும் உண்டு. அதில் அரைநாள் போகும். காத்திருக்க வைத்த டிரைவரும் பிரிண்டரும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இத்தனையும் செய்து பார்த்து, அதே கோப்பு நிலையான விண்டோஸ் இருக்கும் வேறொரு கணினியில் தடையின்றி ஓடுகிறது என்றும் கண்டுகொண்டால், குறை முன்னோட்டப் பதிப்பினுடையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அப்பொழுது நமக்கு ஒரு கடமை வந்து சேருகிறது. விண்டோஸ் விசையோடு எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் குறைகளை எழுதியனுப்பும் ஃபீட்பேக் ஹப் திறக்கும். பவர்பாயிண்ட் வேலை செய்யவில்லை என்று ஒற்றை வரியில் எழுதினால் எவருக்கும் உபயோகமில்லை. முன்னோட்டப் பதிப்பின் எண், கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர், எத்தனை திரைகள் இணைந்திருந்தன, எந்த விசையை அழுத்தியபின் நின்றது, வேறெந்தக் கணினியில் நிற்கவில்லை என்ற விவரங்களைச் சேர்த்து எழுதினால், அதைப் படிக்கும் பொறியாளர் தம் மேஜையிலேயே அந்த ஸ்தம்பிப்பை உண்டாக்கிப் பார்க்க முடியும்.

பழைய பதிப்புக்கே திரும்ப விரும்புவோர் அதிக நாள் யோசிக்கலாகாது. புதிய பதிப்பு ஏறியபின் பழையதன் கோப்புகளைக் கணினி சாதாரணமாகப் பத்து நாள்வரையில்தான் வைத்திருக்கும். அந்த அவகாசத்துக்குள், செட்டிங்ஸில் மீட்புக்குரிய பகுதிக்குச் சென்று திரும்பிவிடலாம். அதைத் தவறவிட்டால், எல்லாவற்றையும் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இராது.

நாளைக்கே பிரசங்கம் இருக்கிறது, இந்தப் பரீட்சைகளுக்கெல்லாம் நேரம் இல்லை என்பவர், இன்று இரவே ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக மாற்றி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளட்டும். மிதப்பும் சுழற்சியும் அதில் வரமாட்டா. ஆனால் மண்டபத்திலுள்ள எந்தப் பழைய கணினியிலும் அது திறக்கும். முன்னோட்டப் பதிப்பு ஏறிய மடிக்கணினியைப் பையைவிட்டு வெளியே எடுக்கவேண்டிய அவசியமே நேராது.