இல்லத் தோட்டத்திற் செம்மலர்கள்

செந்நிறம் தமிழர் வாழ்வோடு நெடுங்காலமாகத் தொடர்புடையது. மலைநிலத் தெய்வத்தைச் சேயோன் என்று அழைத்த பண்டைத் தமிழர், அந்நிறப் பூக்களையும் சிறப்பாகப் போற்றினர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. அவ்வரிசையின் முதலில் நிற்பது செங்காந்தள். பகைவர் நிரையைக் கவரச் சென்ற வீரர் சூடிய பூ வெட்சி. இவ்விரு செடிகளும் இன்றும் இலங்கையின் வளவுகளிலே பூத்து நிற்கின்றன.

எனினும், செம்மலர்ச் செடி வைக்க விரும்புவோர் பலர் பூவின் நிறத்தை மாத்திரம் நோக்குகின்றனர். மண் எத்தகையது, கிணற்றிலே நீர் எவ்வளவு, அவ்வீட்டில் வாழ்வோர் யாவர் என்னும் மூன்றையும் அவர்கள் எண்ணுவதில்லை. அதனாற் சில செடிகள் நட்ட ஆண்டிலேயே வாடிவிடுகின்றன. வேறு சில நன்கு செழித்து, வீட்டாருக்கே தீங்காய் முடிகின்றன. ஆதலின் இம்மூன்றையும் முன்னிறுத்திச் செம்மலர்களைத் தெரிதல் நன்று.

முதலில் வைத்து எண்ணத்தக்கது செவ்வரத்தை. ஒரு பூ ஒரு நாளே வாழும். ஆயினும் நாள்தோறும் புதுப்பூ மலர்வதால் ஆண்டு முழுவதும் செடி வெறுமையுறாது. பூசைக்குப் பூக்கொய்யும் வீட்டாருக்கு இதனினும் உதவியான செடி அரிது. மலாயா 1960ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. பின்னர் அமைந்த மலேசியாவும் அதனையே கைக்கொண்டது. பென்சில் பருமனுள்ள முற்றிய தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நிழலில் ஊன்றினால் இது வேர் கொள்ளும். புதுத் தளிரிலேயே பூப்பதால், ஆண்டுக்கொரு முறை கொப்புகளை அளவாக வெட்டிவிடுதல் வேண்டும். நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் இன்றியும் போனால் மொட்டுக்கள் உதிரும். பப்பாசியை வாட்டும் வெண்மாப்பூச்சி 2008ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அது செவ்வரத்தையையும் பற்றும் இயல்பினது. தளிர் சுருண்டு வெண்பொடி படிந்தாற்போலத் தோன்றின், அக்கொப்பை வெட்டி அகற்றிச் செடியைச் சவர்க்கார நீராற் கழுவுதல் தக்கது.

அடுத்தது வெட்சி. இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. இக்காலத்தார் எக்சோரா என்றும் வழங்குவர். கொத்துக் கொத்தாகப் பூக்கும் இச்செடி, யாழ்ப்பாணத்திற் சில வீடுகளில் இலை மஞ்சளித்து நலிந்து நிற்பதைக் காணலாம். நீர் போதாதென்று எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுவர், பயன் விளையாது. காரணம் மண்ணிலே உள்ளது. வெட்சி சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. குடாநாட்டின் மண்ணோ சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்தது. கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்தது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், வேர் அதனை உறிஞ்ச இயலாது போகின்றது. இலையின் நரம்புகள் பச்சையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளிப்பது அதன் அடையாளம். ஆழமான கிடங்கு வெட்டி, மக்கிய குழையும் சாணி எருவும் நிறைய இட்டு நட்டால் இக்குறை பெரிதும் தணியும். மழைநீரைத் தேக்கி வைத்து ஊற்றுதல் இன்னும் நலம்.

கிணற்றடியிற் குளிக்கும் நீர் வீணே ஓடும் இடத்துக்கு ஏற்றது கல்வாழை. ஈரத்தை விரும்பும் இதன் கிழங்கைப் பிரித்து நட்டாற் போதும். அகன்ற இலைகளின் நடுவே செங்கதிர் போலப் பூ எழும். வேலிக்கு ஏற்றது முள்முருக்கு. கன்னிக்கால் ஊன்றும் மங்கல மரமாகிய இது, ஆட்டுக்குக் குழையும், வெற்றிலைக் கொடிக்குப் பற்றுக்கோடும் தருவது. காற்றிலுள்ள நைதரசனை வேரிலே சேர்த்து மண்ணையும் வளமாக்குவது. இலையுதிர்ந்து வெறுங்கொப்பாக நிற்கும் வேளையில் இதன் செம்பூ பவளம் போல ஒளிரும்.

உரோசாவை விரும்பாதார் இலர். ஆயின் அது குளிர்ந்த காற்றை நாடுவது. நுவரெலியாவிலும், 1861ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹக்கல பூங்காவிலும் அது காட்டும் செழிப்பை வன்னியிலோ மட்டக்களப்பிலோ எதிர்பார்த்தல் தகாது. வெப்ப நிலத்தில் உரோசா நடுவோர், காலை வெயில் படுவதும் பிற்பகலில் நிழல் விழுவதுமான இடத்தைத் தேர்தல் வேண்டும்.

செம்மலர் என்று எண்ணப்படும் சில, உண்மையில் மலரே அல்ல. கடதாசிப் பூ எனப்படும் போகன்வில்லாவின் செவ்விதழ்களும், அந்தூரியத்தின் சிவந்த தட்டும் நிறமேறிய இலைகளே. மெய்யான பூக்கள் அவற்றினிடையே மிகச் சிறியனவாக உள்ளன. போகன்வில்லா நீர் குன்றிய இடத்திலும் பூக்கும். அந்தூரியம் ஈரமும் நிழலும் உள்ள தென்மேற்குப் பகுதிக்கே பொருந்தும்.

இனி, அழகிலே குறையாத இரு செடிகளைப் பற்றி எச்சரிக்கையாகக் கூறவேண்டியுள்ளது. ஒன்று, கார்த்திகைப் பூ எனப்படும் செங்காந்தள். மாரியிலே தளிர்த்து, இலை நுனியாற் பற்றிப் படர்ந்து, மஞ்சளாய் விரிந்து செந்தழலாய் மாறும் இப்பூ, தமிழ்நாட்டின் மாநில மலராகவும் விளங்குகின்றது. இதிலுள்ள கொல்சிசீன் என்னும் பொருளைப் பெறுவதற்காகத் திண்டுக்கல், கரூர்ப் பகுதிகளில் இதனைப் பயிரிடுகின்றனர். அளவறிந்து கொடுக்கும்போது மூட்டுவாத நோய் ஒன்றுக்கு மருந்தாகும் அப்பொருளே, அளவு மீறின் உயிர் கொல்லும் நஞ்சாகும். செடி காய்ந்தபின் மண்ணுள் எஞ்சும் கிழங்கு, உண்ணும் கிழங்கைப் போலத் தோன்றுவதால் இலங்கையில் அதனை மாறி உண்டு உயிரிழந்தோர் உளர். மற்றொன்று செவ்வலரி. கோடை முழுதும் நீர் குறைந்தாலும் வாடாது பூக்கும் இச்செடியின் இலை, பூ, பட்டை யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. இதன் குழையை ஆட்டுக்கு இடுதலும், தடியை விறகாக எரித்தலும் ஆகா.

இவ்விரண்டையும் வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. தவழும் குழந்தையும் கட்டி வளர்க்கும் ஆடும் உள்ள வீட்டில் அவற்றை நடாதிருத்தல் நலம். முன்பே நிற்பின், கிழங்குத் தோட்டத்துக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் அப்பால் அவற்றுக்கு இடம் வகுத்தல் வேண்டும்; பிள்ளைகளுக்குப் பெயரும் தன்மையும் கூறிக் காட்டிவைத்தல் வேண்டும். எவரேனும் தின்றுவிட்டாற் கைவைத்தியம் செய்து காலம் போக்கலாகாது. காந்தட் கிழங்கின் நஞ்சு சில மணி நேரம் கழிந்தபின்பே வாந்தியும் வயிற்றோட்டமுமாகத் தலைகாட்டும். அதுவரை காத்திராது, செடியின் ஒரு துண்டுடன் உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

செம்மலர் நடுவோருக்கு விருந்தினராக வருவது தேன்சிட்டு. தேனீயின் கண்ணுக்குச் செந்நிறம் செவ்வனே புலப்படாது. பறவையின் கண்ணுக்கோ அது நன்கு தெரியும். அதனாலேயே செவ்வரத்தையையும் முள்முருக்கையும் பறவைகள் நாடி வருகின்றன. பூச்சிகொல்லி நஞ்சைத் தெளிக்கும் தோட்டத்தில் இவ்விருந்தினருக்கும் கேடு நேரும்.

வடக்கிலும் கிழக்கிலும் நடுகைக்கு உகந்த காலம் ஐப்பசி மழையின் தொடக்கமாகும். நிலைத்த ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு நிலத்தடி நீரையே நம்பியிருப்பது. மாரி மழையில் வேரூன்றிய செடி, வரும் கோடையில் கிணற்றை அதிகம் வேண்டாது. முற்றத்தில் ஒரு செவ்வரத்தை, நன்கு எருவிட்ட கிடங்கில் ஒரு வெட்சி, கிணற்றடியில் ஒரு கல்வாழை, வேலியில் ஒரு முள்முருக்கு என்னும் நான்குமே சிறிய வளவொன்றுக்குப் போதும். அவை ஆண்டின் எல்லா மாதங்களிலும் வீட்டுக்குச் செந்நிறம் தரும். பூசைக்குப் பூவும், ஆட்டுக்குக் குழையும், சிட்டுக்குத் தேனும் தரும்.