குப்பை மேட்டில் உறங்கும் நெருப்பு



குப்பை மேடு எரிந்தால், யாரோ தீ வைத்துவிட்டனர் என்றே பலரும் கருதுகின்றனர். அதுவும் உண்டு. ஆயினும், வெளியிலிருந்து ஒரு பொறியும் விழாமலே அம்மேடு தீப்பற்றக்கூடும்.

ஈரம் உலராத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடு பிறக்கும் என்பதை உழவர் அறிவர். குப்பை மேட்டில் நிகழ்வதும் இதுவே. சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது வெப்பம் உண்டாகிறது. காற்றில்லாத ஆழத்தில் அவை அழுகினால் மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. வெப்பம் மிகுந்த அடுக்கினுள் வெடிப்புகளின் வழியே காற்றுப் புகுந்தால், அங்கே நீறுபூத்த நெருப்பு உருவாகும். மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்திருந்தால் எளிதில் தீப்பிடிக்கும். காகிதமும் துணியும் பிளாஸ்டிக்கும் அத்தீக்கு விறகாகின்றன.

கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2ஆம் நாள் மூண்ட தீ, ஏறத்தாழ 12 நாட்கள் அணையவில்லை. நகரைப் புகை சூழ்ந்தது. பள்ளிகள் சில மூடப்பட்டன. இத்தகைய தீயில் மேலே பீய்ச்சும் நீர் அடியிலுள்ள கனலைச் சென்றடைவதில்லை. ஆதலின் இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டியதாயிற்று. சென்னைப் பெருங்குடிக் குப்பை மேடும் 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது. பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும். அதை முதலில் சுவாசிப்பவர் யாவர்? அங்கே குப்பை பொறுக்கிப் பிழைப்போரும், தீயணைப்பு வீரரும், அருகில் குடியிருக்கும் எளியோருமே.

வருமுன் காப்பதற்கு வழிகள் உள்ளன. குப்பையை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, இறுக அமுக்கி, மண்ணால் மூடவேண்டும். குழாய்கள் வழியே வாயுவை வெளிக்கொணர வேண்டும். தீ பரவாதிருக்க மேட்டைப் பகுதிகளாகப் பிரித்து இடைவெளி விடவேண்டும். இவை நகராட்சியின் கடமைகள்.

நம் கடமை வீட்டிலேயே தொடங்குகிறது. மக்கும் குப்பை தனியே உரமாகிவிட்டால், மேட்டில் வெப்பமும் வாயுவும் வெகுவாகக் குறையும். காகிதமும் பிளாஸ்டிக்கும் மறுபயன்பாட்டிற்குச் சென்றால் விறகு குறையும். பழைய கைப்பேசி மின்கலங்களைக் குப்பையில் எறியலாகாது. நசுங்கினால் அவையே தீப்பற்றும். கனல் அவியாத சாம்பலையும் கொட்டலாகாது.

பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றிய நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பெரியோர் சொல்லுக்கு இணங்காத வீடும் பிள்ளையின் சொல்லுக்கு இணங்கும். இன்று மாலையே உங்கள் வீட்டில் இரண்டு கூடைகளை வையுங்கள்; எதை எதில் இடுவது என்பதை நீங்களே எடுத்துக் கூறுங்கள்.