விதைக்குள்ளே இருப்பது யாருக்குச் சொந்தம்?

(ஒன்றியப் பேரவையில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

விதை உரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னய்யா இது, ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டக் கூப்பிட்டுட்டுப் புல்லுக் கதை சொல்றாரே" என்று நினைக்காதீர்கள். கதை சுற்றி நம்ம வயலுக்குத்தான் வரும்.

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். 1931இல் அங்கே பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர், மலைச்சரிவில் ஒரு விவசாயியின் நிலத்தில் பச்சைப்பசேல் என்று நின்ற ஃபெஸ்க்யூ புல்லைப் பார்த்தார். விதை வாங்கிப்போய்ச் சோதித்து, 1943இல் 'கென்டக்கி 31' என்று வெளியிட்டார்கள். வறட்சி தாங்கும், பூச்சி அண்டாது, மண் அரிப்பைத் தடுக்கும். அந்தப் புல் வகை அமெரிக்காவில் சுமார் 3.5 கோடி ஏக்கருக்குப் பரவிவிட்டது.

ஆனால் மாடு தேறவில்லை, தோழர்களே. புல் கொழுகொழுவென்று நிற்கிறது, மேய்கிற மாடு இளைக்கிறது. கோடையில் மூச்சு வாங்கிக்கொண்டு குளத்துக்குள் போய் நிற்கும். குளிர்காலத்தில் குளம்பும் வால் நுனியும் அழுகும். சினை பிடிப்பது குறையும், பால் வற்றும். காரணம் தெரியாமலே வருடங்கள் ஓடின.

1970களில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே விவசாயிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேய்ச்சல் நிலம். ஒன்றில் மேய்ந்த மாட்டுக்கு நோய். மற்றதில் மேய்ந்தது நன்றாக இருந்தது. சார்லஸ் பேக்கன் உள்ளிட்ட வேளாண் துறை விஞ்ஞானிகள் இரண்டு புல்லையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோய் கண்ட நிலத்துப் புல்லுக்குள் ஒரு பூஞ்சை நிறைந்திருந்தது. மற்றதில் கொஞ்சம்தான். 1977இல் இதை வெளியிட்டார்கள். நிலத்துக்காரன் கண்ணால் கண்ட வித்தியாசத்திலிருந்துதான் இந்த விஞ்ஞானமே பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பூஞ்சையின் பெயர் எபிக்ளோயி. நம்ம கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் உண்டாக்குகிற பூஞ்சைக்குப் பங்காளி. ஆனால் தேன் ஒழுகல் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. புல்லின் திசுவுக்குள்ளே நூல் மாதிரி ஓடி, கதிர் விடும்போது விதைக்குள் ஏறிவிடும். ஃபெஸ்க்யூவில் இது செடி விட்டுச் செடி தொற்றாது. தாய்ச் செடியிலிருந்து விதை வழியாகத்தான் வாரிசுக்குப் போகும்.

புல் அதற்குச் சோறு போடுகிறது, அது புல்லுக்குக் காவல் நிற்கிறது. அது சுரக்கும் பொருள்கள் பூச்சியை விரட்டும். வறட்சியைத் தாங்கவும் புல்லுக்குத் துணை செய்யும். ஆனால் அதில் எர்கோவாலின் என்ற நஞ்சு, மாட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். அதனால்தான் உடம்புச் சூடு வெளியேறாமல் மாடு தவிக்கிறது, குளம்புக்கு ரத்தம் போகாமல் அழுகுகிறது.

சரி, பூஞ்சையை ஒழித்துவிட்டால்? 1980களில் பூஞ்சை இல்லாத விதையை விற்றார்கள். மாடு தேறியது. புல் செத்தது. வறட்சியும் பூச்சியும் வந்தபோது காவல்காரன் இல்லை. விவசாயி மறுபடி விதைக் கடைக்கு ஓடினான். 1993இல் போட்ட கணக்குப்படி, இந்தப் புல்லால் அமெரிக்க மாட்டு விவசாயத்துக்கு ஆண்டு நட்டம் 60 கோடி டாலருக்கு மேல்.

நியூசிலாந்தில் ரை புல் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுந்தன. இதே இனத்துப் பூஞ்சைதான் காரணம் என்று 1981இல் கண்டார்கள். அந்தப் பூஞ்சையேதான் தண்டு துளைக்கும் வண்டிலிருந்து புல்லைக் காப்பாற்றுகிறது என்பதும் அடுத்த வருடமே தெரிந்தது. ஆட்டைத் தள்ளாட வைப்பது ஒரு பொருள், வண்டை விரட்டுவது வேறு பொருள். ஆகவே முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் உள்ள பூஞ்சையைத் தேடிப் பிடித்து, புல்லுக்குள் ஏற்றி, 2001இல் 'ஏஆர்1' என்று விற்பனைக்கு விட்டார்கள். ஃபெஸ்க்யூவுக்கும் அப்படியே 2000இல் 'மேக்ஸ்-க்யூ' வந்தது. நல்ல விஞ்ஞானம். நாம் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, இந்த விதையைச் சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் போட்டால் உள்ளே இருக்கும் பூஞ்சை செத்துவிடும். விதை முளைக்கும், காவல் இருக்காது. அதனால் அங்கே முளைப்புத் திறனோடு, பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். இரண்டு, அந்தப் பூஞ்சைக்குக் காப்புரிமை உண்டு.

இப்போது நம்ம ஊர். எபிக்ளோயி குளிர்நாட்டுப் புல் இனங்களில் வாழ்வது. நம்ம கோ-4 புல்லிலும் கம்பிலும் சோளத்திலும் கிடையாது. யாரும் பயப்பட வேண்டாம். கம்பு விதைக்கிறவர்கள் மட்டும் தேன் ஒழுகலுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைப் போடுங்கள். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து விதையுங்கள்.

நமக்கு வரக்கூடிய ஆபத்து வேறு. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 3(ஜே) பிரிவு, செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. அதே வரியில் நுண்ணுயிர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. இயற்கையில் கண்டெடுத்த உயிரை அப்படியே சொந்தம் கொண்டாட முடியாது, சரி. மாற்றி அமைத்த நுண்ணுயிருக்கு வாசல் திறந்திருக்கிறதே! நாளைக்கு ஒரு கம்பெனி வந்து, "விதை உன்னுது, உள்ளே இருக்கிறது என்னுது" என்றால் நாம் என்ன சொல்வது?

2001ஆம் வருடச் சட்டத்தின் 39ஆவது பிரிவு நமக்கு விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, பரிமாற, விற்க உரிமை தந்திருக்கிறது. கம்பெனிப் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. அந்தச் சட்டப்படி பதிவான ரகம் சொன்னபடி விளையாவிட்டால் நட்ட ஈடு கேட்கவும் அதே பிரிவில் இடம் உண்டு. இந்த உரிமை கொல்லைப்புற வழியாகப் பறிபோகக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. விதையிலோ விதை மேலோ நுண்ணுயிர் சேர்த்து விற்றால், அதன் பெயரும், எந்தத் தேதி வரை உயிரோடிருக்கும் என்பதும் சீட்டில் தமிழில் இருக்க வேண்டும்.

2. நுண்ணுயிர்க் காப்புரிமையைக் காட்டி விவசாயியின் விதை உரிமையைத் தடுக்க முடியாது என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

3. புதுத் தீவன விதை எதுவானாலும், மாட்டுக்கும் மண்ணுக்கும் மற்றச் செடிகளுக்கும் என்ன ஆகும் என்று அரசுப் பண்ணையில் பல வருடம் பார்த்த பிறகே விற்க விட வேண்டும். அமெரிக்காவின் இந்தியானாவில் நான்கு வருடம் சோதித்தபோது, பூஞ்சையுள்ள புல் நின்ற இடத்தில் மற்றச் செடி வகைகள் குறைந்துபோயின. அது ஒரு வருடத்தில் தெரியாது.

கடைசியாக ஒன்று. விதை வாங்கினால் ரசீது, பை, சீட்டு, ஒரு கைப்பிடி விதை நான்கையும் எடுத்து வையுங்கள். பிறகு நியாயம் கேட்கப் போனால் அதுதான் சாட்சி. பக்கத்து வயலுக்கும் நம் வயலுக்கும் வித்தியாசம் கண்டால் உடனே கிளைச் சங்கத்தில் சொல்லுங்கள்.

வட்டாட்சியர் அலுவலக ஆர்ப்பாட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் திரண்டு வர வேண்டும். நம்ம களத்து விதை நம்ம கையிலேயே இருக்கட்டும்!