வீட்டைப் பெருப்பிக்க முன்: ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டைப் படிக்கும் முறை



தாயகத்திலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்ததும், அல்லது பிள்ளைகள் வளர்ந்து தனியறை கேட்டதும், சிட்னி பென்டில் ஹில்லிலும் மெல்பேர்ண் டண்டினோங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டின் பின்வளவை அளக்கத் தொடங்குகின்றன. மூன்று ஒப்பந்தக்காரர்கள் வருகின்றனர். மூன்று தொகைகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் மிகக் குறைந்த தொகையே தெரிவாகின்றது. சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டியவர்களில் பலர் சீமெந்தையும் மணலையும் தாமே வாங்கினர். மேசனுக்கும் தச்சருக்கும் நாட்கூலி கொடுத்தனர். எதற்கு எவ்வளவு சென்றது என்பது கண்முன்னே இருந்தது. அவுஸ்திரேலியாவில் இவை யாவும் ஒரே தொகைக்குள் மறைந்துவிடுகின்றன. ஆகவே மூவரிடமும் ஒரே வரைபடத்தையும் ஒரே வேலைப்பட்டியலையும் கொடுத்தே விலை கேட்க வேண்டும். அன்றேல் ஒருவர் மண் அகழ்வையும் கழிவு அகற்றலையும் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். 10 வீத ஜிஎஸ்ரி உள்ளடங்கியதா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 1990 இற்கு முன் கட்டப்பட்ட வீடாயின் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அதை அகற்றும் செலவு யாருடையது?

"எஸ்டிமேற்" என்பது உத்தேசக் கணக்கு மட்டுமே. உறுதி விலை அன்று. உறுதி விலையிலும் "பிரைம் கொஸ்ற்", "புரொவிஷனல் சம்" என இரு வரிகள் வரும். முன்னது குழாய், தரையோடு போன்ற பொருட்களுக்கு ஒதுக்கிய தொகை. பின்னது, நிலத்தின் கீழ்ப் பாறை அகழ்வதுபோல், அளவு முன்கூட்டித் தெரியாத வேலைக்கு ஒதுக்கிய தொகை. உண்மைச் செலவு கூடினால் வேறுபாட்டை வீட்டுக்காரரே செலுத்துவார். தரையோட்டுக்குச் சதுர மீற்றருக்கு 30 டொலர் ஒதுக்கியிருக்க, குடும்பம் 60 டொலர் ஓட்டைத் தெரிவு செய்தால், 40 சதுர மீற்றருக்கு மேலதிகம் 1,200 டொலர். மலிவான மதிப்பீடுகள் பல இவ்வாறுதான் மலிவாகின்றன.

"எங்கட ஆள்தானே, எழுத்து எதற்கு?" என்பது எம் சமூகத்தில் அடிக்கடி கேட்கும் சொல். நியூ சவுத் வேல்ஸில் 5,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டுக் கட்டட வேலைக்கு உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம். முற்பணம் 10 வீதத்தைத் தாண்டலாகாது. விக்டோரியாவில் 20,000 டொலரும் அதற்கு மேலும் எனில் முற்பணம் 5 வீதமே. ரொக்கமாகத் தந்தால் குறைப்பதாகச் சொல்பவரிடம் இந்தப் பாதுகாப்புக்களைத் தேட முடியாது.

பெரிய நிறுவனம் என்பதும் போதாது. 2023 மார்ச் 31 அன்று மெல்பேர்ணின் போர்ட்டர் டேவிஸ் நிறுவனம் வீழ்ந்தபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் முற்பணத்துக்குக் காப்புறுதி எடுக்கப்படவே இல்லை என்பது வெளியாயிற்று. விக்டோரிய அரசு பின்னர் ஈடுசெய்ய முன்வந்தது. எல்லோருக்கும் எப்போதும் அவ்வாறு நிகழும் என எதிர்பார்க்க இயலாது. காப்புறுதிச் சான்றிதழ் கையில் வந்த பின்பே முற்பணம் கொடுக்க வேண்டும்.

இளையோர் ஒப்பந்தக்காரரின் பேச்சை மொழிபெயர்ப்பதோடு நின்றுவிடுகின்றனர், தாளைப் படிப்பதில்லை. இத்தகைய பெரிய ஒப்பந்தங்களில் கையொப்பமிட்ட பின்னும் பொதுவாக ஐந்து வேலைநாட்களுக்குள் விலகிக்கொள்ள இரு மாநிலங்களிலும் இடமுண்டு. கையொப்பத்துக்கு முன் முடியாவிட்டால் அந்த ஐந்து நாட்களுக்குள்ளாவது, "சேர்க்கப்படாதவை" என்ற பக்கத்தை அம்மா அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.