உழைத்த அனுபவத்துக்கும் கல்வித் தகுதி உண்டு

(ஜோகூர் பாருவில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கல்விச் சந்திப்பில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் படித்துப் பயன்பெற எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பாசீர் கூடாங்கில் 18 வருடம் வெல்டிங் வேலை பார்த்த ஒரு சகோதரர், வேலை நீக்க வழக்கு சம்பந்தமாக என் அலுவலகத்துக்கு வந்தார். பாரத்தை நிரப்பும்போது, "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்னும் படிக்கலைங்க சார்" என்றார்.

பேசப் பேசத்தான் விஷயம் தெரிந்தது. குழாய் வரைபடத்தைப் பார்த்த உடனே எங்கே எந்த இணைப்பு என்று சொல்லிவிடுவார். பாதுகாப்புப் பயிற்சிகள் பல முடித்திருக்கிறார். புதிதாக வந்த டிப்ளோமாக்காரப் பையன்களுக்கு வேலை பழக்கியவரே அவர்தான். அந்தப் பையன்களில் ஒருவன் இன்று அவருக்கு மேலதிகாரி. சம்பளம் இவரைவிட இரண்டு மடங்கு.

"ஒன்னும் படிக்கலை" என்ற அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நம் சமுதாயத்தில் எத்தனை பேர் இந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்! கூலாயிலும் உலு திராமிலும் லாயங்கான் லாயங்கானாகத் தோட்டங்களை உடைத்தார்கள். பால்மரம் போனது, செம்பனை வந்தது, பிறகு அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 2006இல் இஸ்கண்டார் மலேசியா திட்டம் வந்தபோது நிலத்தின் விலை ஏறியது. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் கையில் சான்றிதழ் ஏறவில்லை. நான்காம் படிவத்தோடு நின்றவன் லோரி ஓட்டினான், வெல்டிங் பிடித்தான், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினான். அவன் கற்றுக்கொண்டது ஏராளம். அதை எவரும் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: அதை எழுதி வாங்குவதற்கு இந்த நாட்டில் முறையான வழி இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

என்னென்ன வழிகள்?

முதலாவது, மலேசியத் தகுதி முகவாண்மை, அதாவது எம்.கியூ.ஏ. இது 2007ஆம் ஆண்டு சட்டம் 679இன் கீழ் அமைந்தது. அது நடத்தும் ஏற்பாட்டுக்கு ஏப்பல் என்று பெயர். முன் அனுபவத்தால் கற்றதை அங்கீகரிப்பது என்பது அதன் பொருள்.

ஏப்பல் 'ஏ' என்பது நுழைவு வழி. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்ச்சி போதாதவர்கள்கூட, தொடர்புள்ள வேலை அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் உயர்கல்வியில் சேர விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் படிப்புக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைப் பட்டத்துக்கு 21 தாண்டியிருக்க வேண்டும். முதுகலைக்கு 30 வயதும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா போன்ற தகுதியும் வேண்டும்.

ஏப்பல் 'சி' என்பது கிரெடிட் பெறும் வழி. படிப்பில் சேர்ந்த பிறகு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்துக்கான தேர்வை நேரே எழுதலாம், அல்லது அனுபவக் கோப்பைச் சமர்ப்பிக்கலாம். தேறினால் கிரெடிட் உங்கள் கணக்கில் சேரும். மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை இப்படிப் பெறலாம் என்பது வழிகாட்டியில் உள்ள வரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் 36 கிரெடிட். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று வைத்தால் 12 பாடங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு இது எத்தனை இரவுகள், எவ்வளவு கட்டணம்! ஆனால் எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பாடங்களுக்கும் இது கிடைக்காது. சேருவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, தொழில்திறன் வழி. 2006ஆம் ஆண்டு சட்டம் 652இன் கீழ் திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். சான்றிதழ் தருகிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை ஆதாரத்தோடு கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து அதைப் பெறும் முறைக்கு பி.பி.தி. என்று பெயர். வெல்டர், மெக்கானிக், சமையல்காரர், முடிதிருத்துநர், மின்தொழிலாளி போன்றோருக்கு இது நேரான பாதை. எஸ்.கே.எம். மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உண்டு.

இது சலுகை அல்ல

சிலர் கேட்பார்கள்: "குறுக்கு வழியில் வாங்கிய பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா?" என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நான் பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. இரவில் லண்டன் பல்கலைக்கழக வெளிநிலைச் சட்டப் படிப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை நான் மிதித்ததில்லை. எங்கே படித்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை; தேர்வை எழுதினாயா என்றுதான் பார்த்தார்கள். 1858இலேயே அந்தப் பல்கலைக்கழகம் கல்லூரியில் சேராதவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. பிறகு இங்கே சி.எல்.பி. எழுதி வழக்கறிஞரானேன். இந்நாட்டில் நீதிமன்றம் ஏறும் நம்மவர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தாம். அதைக் குறுக்கு வழி என்று எந்த நீதிபதியும் சொன்னதில்லை.

முட்டுக்கட்டை எங்கே?

வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களை ஏமாற்றியதாகும். இடையூறுகளையும் சொல்கிறேன்.

ஒன்று, ஆதாரம். அனுபவக் கடிதம் கேட்டால் குத்தகைக்காரர் இழுத்தடிப்பார். பழைய கம்பெனி மூடியிருக்கும். தோட்டமே இருக்காது. அந்த வெல்டர் சகோதரருக்கும் இதே கதைதான்: 18 வருடத்தில் ஆறு முதலாளிகள், கடிதம் ஒன்றுகூட இல்லை. நாங்கள் முதலில் அவருடைய ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்தோம். எந்த முதலாளி எந்த மாதம் சந்தா கட்டினார் என்று அதில் இருக்கிறது. சொக்சோ பதிவு, சம்பளச் சீட்டு, பாதுகாப்புப் பயிற்சி அட்டை, வேலை இடத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்தோம். மீதி இடைவெளிக்கு, உடன் வேலை செய்தவர்களிடம் 1960ஆம் ஆண்டு சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் சூராட் அக்குவான் வாங்கினோம். பொய்யாக எழுதினால் குற்றம், அதனால் உண்மையை மட்டும் எழுதுங்கள். அந்தக் கோப்போடு அவர் எஸ்.கே.எம். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

இரண்டு, மொழி. தேர்வும் கோப்பும் மலாய் அல்லது ஆங்கிலத்தில் நடக்கின்றன. கை நிறையத் தொழில் தெரிந்தும் அதை ஒரு பக்கம் எழுதத் தடுமாறுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். படித்த பிள்ளைகளே, அந்த ஆள் நீங்கள்தான்.

மூன்று, ஏஜெண்டுகள். "காசு கட்டுங்கள், மூன்று மாதத்தில் பட்டம்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

நான்கு, தவறான எதிர்பார்ப்பு. ஏப்பல் 'ஏ' சான்றிதழ் படிப்பில் சேர மட்டுமே. அது எஸ்.பி.எம்.முக்கு ஈடல்ல, அதைக் காட்டி வேலை கேட்க முடியாது. அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாய் மொழித் தேர்ச்சியைத் தனியாகக் கேட்பார்கள். சட்டம், மருத்துவம் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில் வாரியத்தின் விதிதான் முடிவானது. முதலில் விசாரியுங்கள், பிறகு சேருங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? டிப்ளோமாவுக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும் சேமநிதியிலிருந்து கல்விக்கென்று பணம் எடுக்க வழி உண்டு. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பல நிறுவனங்கள் 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி பயிற்சிக்கென்று சம்பளத் தொகையில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அந்தப் பணத்தில் எங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று முதலாளியிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்திடம் நாம் கேட்பது இரண்டு. இந்த விவரம் தமிழில் அடுக்குமாடி வீடுகளுக்கும் மிச்சமிருக்கும் தோட்டங்களுக்கும் வர வேண்டும். வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு அனுபவக் கடிதம் தருவதை முதலாளியின் கடமையாக்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? ஜோகூரில் கிட்டத்தட்ட 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அதைவிட அதிகமாகக் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு பட்டதாரிப் பிள்ளைகள் போதும். இருபது வருடமாகப் பாலர் பள்ளியில் பாடம் சொல்லும் அக்காவுக்கும், லோரி நிர்வாகம் முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் அண்ணனுக்கும் கோப்பு தயாரித்துக் கொடுக்கலாம்.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றிரவே ஒரு கோப்பு வாங்குங்கள். முதல் தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, எந்த வருடம், எங்கே, என்ன வேலை, அதில் என்ன கற்றேன் என்று வரிசையாக எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது அந்தத் தாள் போதாது. அடுத்த முறை யாராவது என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், தலையைக் குனியாமல் அந்தக் கோப்பை எடுத்து மேசைமேல் வையுங்கள்.